உறவினர் பழிச்சொல்லும் நீதிமன்ற வழியும்



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடின் தென்காசி வட்டாரத்து இல்லந்தோறும் உறவினர் வந்து நிறைவர். பாகப்பிரிவினைப் பூசலும் அவர்களோடு வந்துவிடுகின்றது. வயலும் தோப்பும் பற்றி எழுந்த பேச்சு, சின்னாளில் ஒருத்தியின் ஒழுக்கத்தைப் பழிக்கும் இழிமொழியாய்த் தெருவிற்கு வருகின்றது. பங்கு கேட்கும் சகோதரியின் வாயை அடைத்தற்கு இதனினும் எளிய கருவி இல்லை போலும்!

இதற்குச் சட்டத்தில் வழியுண்டோ என நம்மை வினவுவார் பலர். உண்டு. 1884-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்த பார்வதி - மன்னார் வழக்கை ஈண்டு எடுத்துரைப்போம். ஒருத்தியை முறைப்படி மணந்த மனைவியல்லள் என்றும், கற்பிழந்து பல இடங்களினின்றும் துரத்தப்பட்டவள் என்றும் ஒருவன் வைதனன். இத்தகைய வாய்ச்சொல்லுக்குப் பொருள் நட்டத்தை மெய்ப்பித்தாலன்றி ஈடில்லை என்பது அக்காலத்து ஆங்கில விதி. சென்னை மன்றமோ அவ்விதி இந்நாட்டிற்கு ஏலாதென ஒதுக்கிற்று. இங்கிலாந்துப் பெண்டிர் இவ்வுரிமையைச் சட்டத்தாற் பெற்றது 1891-இல்தான்!

குற்ற வழக்கும் தொடுக்கலாம். பழைய தண்டச் சட்டத்தின் 499, 500-ஆம் பிரிவுகளின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 356-ஆம் பிரிவு நிற்கின்றது. இரண்டாண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமுதாயத் தொண்டு தண்டனையாகலாம். பழிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் முறையிடல் வேண்டும். போலீசார் தாமாகக் கைது செய்யார். இறந்த தந்தையைப் பழித்து மக்களைப் புண்படுத்தலும் குற்றமே. ‘உண்மையைத்தானே சொன்னேன்’ என்பார்க்கு அவ்வுண்மை மட்டும் போதாது; பொதுநன்மை கருதிச் சொன்னதாகவும் காட்டல் வேண்டும்.

மூன்றாமவர் செவிப்படாத சொல் வழக்கிற்கு உதவாது. ஆதலின் கேட்டவர் யார், நாள் எது என்பவற்றை உடனே குறித்துக்கொள்க. மருமகன் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் மாமனாரை இழித்துரைக்க, மாமனார் தொடுத்த வழக்கொன்று 1968-இல் உச்சநீதிமன்றம் வரை சென்றது. மனைவி சாட்சி கூறல் ஆகாதெனினும், கடிதங்களைப் பிற வழியால் மெய்ப்பிக்கலாம் என்றது அம்மன்றம்.

நம் குலத்தவர் பெரிதும் இடறுவது காலவரையறையிலேயாம். குற்ற முறையீட்டிற்கு மூன்றாண்டு உண்டு. ஈடு கோரும் சிவில் வழக்கிற்கோ ஓராண்டே. நம் பெரியோர் ‘பேசி முடிப்போம், பொறு’ என்று பாதிக்கப்பட்டவளை ஆடி போய்த் தை, தை போய் ஆடி என நிறுத்தி வைக்கின்றனர். அவர் பேச்சு முடியுமுன் அவள் உரிமை முடிந்துவிடுகின்றது. சமாதானத்திற்குச் சட்டமும் இடந்தருகின்றது. ஆயின் இசைவு அவளுடையது, சங்கத்தாருடையதன்று. பழித்தவன் எத்தெருவில் நின்று பழித்தானோ அத்தெருவிலேயே மன்னிப்புக் கேட்பானாயின், அதனை ஏற்பதும் மறுப்பதும் அவள் விருப்பம். அதுவரை அவள் வக்கீலிடம் செல்வதை நம்மவர் எவரும் தடுத்தல் தகாது.