கூடத்துச் சுவரில் ஒரு தேயிலைச் செடி

தாவர ஓவியம் என்பது பூங்கொத்து ஒன்றைக் கண்ணுக்கு இதமாகத் தீட்டிவிடுவதன்று. இலைகள் தண்டில் அமைந்திருக்கும் ஒழுங்கையும், நரம்புகளின் ஓட்டத்தையும், மொட்டு, மலர், காய், விதை ஆகியவற்றின் வடிவத்தையும், அச்செடியை அறிந்தவர் பார்த்தவுடன் இனங்காணுமளவுக்குப் பிழையின்றிக் காட்டும் கலையே அப்பெயருக்கு உரியது. அத்தகைய ஓவியத்தைப் பெரிய அளவில், எண்ணெய் வண்ணத்தில் வரைவித்து வீட்டின் கூடத்தில் மாட்டும் விருப்பம் இலங்கை மலைநாட்டின் ஹட்டன், கொட்டகலை, டிக்கோயா பகுதிகளில் புதிதாக வீடு கட்டுவோருக்கும் எழலாமாகையால், அதன் வரலாற்றையும் செய்முறையையும் அறிந்துகொள்வது பயனுடையது.

இலங்கையில் இக்கலை பேராதனைத் தாவரவியல் பூங்காவில் வேரூன்றியது. 19ஆம் நூற்றாண்டில் ஹர்மானிஸ் டி அல்விஸும் அவருக்குப்பின் அவருடைய குடும்பத்தாரும் அங்கு வரைந்த படங்கள், இந்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய ஆய்வுக்குப் பெருந்துணையாயின. அக்காலத்துத் தாவர ஓவியர்கள் பெரும்பாலும் நுண்ணிய கோடுகளுக்கு ஏற்ற நீர்வண்ணத்தையே கையாண்டனர். அவ்வழக்கிலிருந்து விலகி எண்ணெய் வண்ணத்தை எடுத்துக்கொண்டவர் மரியான் நோர்த் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1876ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த அவர், களுத்துறையில் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோனின் விருந்தினராகத் தங்கியதோடு, பேராதனைக்கும் சென்று வரைந்தார். தாவரத்தை வெள்ளைத் தாளில் தனியே நிறுத்தாமல், அது வளரும் மண்ணோடும் மலையோடும் சேர்த்துக் காட்டினார். அவருடைய எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள், 1882இல் இலண்டன் கியூ பூங்காவில் திறக்கப்பட்ட கூடத்தில் இன்றும் சுவர் மறைய நிறைந்துள்ளன.

ஆனால் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் பயிரிடத் தொடங்கியதிலிருந்து மலைநாட்டின் முகத்தையே மாற்றிய தேயிலையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்களுக்கு, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், பெரிய ஓவியம் ஒன்றை மாட்டும் சுவர்கூட இருந்ததில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கட்டும் வீட்டின் கூடத்தில், வெளிநாட்டு ரோஜாவைவிடத் தேயிலைச் செடியே முதலிடம் பெறத் தக்கது. கொழுந்து பறிப்பதாலும் கவ்வாத்து வெட்டுவதாலும் இடுப்பளவில் தட்டையாக நிற்கும் அச்செடி, வெட்டாமல் விட்டால் மரமாக உயரும் இயல்புடையது. அதன் மலர் இலைக்கணுவில் சற்றே தலைகவிழ்ந்து தொங்கும். வெண்ணிற இதழ்களுக்கு நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் அடர்ந்திருக்கும். இலையோரம் வாள்பல்போல் அரியப்பட்டிருக்கும். விரியாத குருத்தின்மேல் வெள்ளிநிற மென்மயிர் படிந்திருக்கும். அந்த மென்மயிரைத் தீட்டத் தெரிந்த ஓவியரிடமே இப்பணியை ஒப்படைக்கலாம்.

உயர்மலையின் மகா ரத்மல் எனப்படும் செந்நிற மலர்மரத்தை விரும்புவோரும் உண்டு. அது வளரும் ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால் அங்கே ஒரு பூவையும் பறித்தலாகாது; ஓவியரே நேரில் சென்று, நிறக்குறிப்புகளோடு மாதிரிப் படங்களை வரைந்துவர வேண்டும். ஹக்கலைப் பூங்காவிலும் மலைநாட்டுத் தாவரங்கள் பலவற்றை நேரில் பார்த்துப் பழகலாம். புகைப்படத்தை மட்டும் பார்த்து வரைந்த ஓவியத்தில் இலையின் திருப்பமும் அடிப்புற நிறமும் தவறிப்போவது எளிது. விரலளவான இலை ஓவியத்தில் முழங்கை நீளத்துக்கு விரியும்போது, சிறிய படத்தில் மறைந்துபோகும் பிழையும் அறைக்கு அப்பாலிருந்தே தெரிந்துவிடும்.

எண்ணெய் வண்ணம், நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துச் செய்யப்படுவது. அது நீர்வண்ணம்போல் ஈரம் வற்றி உலர்வதில்லை, எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வாயுவை ஏற்று இறுகுவதாலேயே உலர்கிறது. ஆகவே எண்ணெய் குறைந்த படலத்தை முதலிலும், மிகுந்ததை அதன்மேலும் இடுவது விதி. மாற்றி இட்டால் நாளடைவில் மேற்படலம் வெடிக்கும். தொட்டால் ஒட்டாத நிலையை மெல்லிய படலம் சில நாட்களில் அடைந்தாலும், உட்புறம் இறுகப் பல மாதங்கள் செல்லும். மேலே பூசும் காப்பு வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்திருப்பது வழக்கம். ஹட்டனின் குளிரும் ஈரமும் இதை இன்னும் தாமதப்படுத்தும் என்பதால், வீடு குடிபுகும் நாளுக்கு ஓவியம் வேண்டுவோர் ஓராண்டுக்கு முன்பே பேசி முடிப்பது நல்லது.

மாட்டும் இடமும் கவனத்துக்குரியது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடிக்கும் வெளிச்சுவர் உட்புறத்திலும் ஓதம் காக்கும். அங்கு மாட்டிய ஓவியத்தின் பின்துணியில் பூஞ்சணம் பிடிக்கும், துணியும் தளரும். உட்சுவரைத் தேர்ந்து, சட்டத்தின் நான்கு மூலைகளிலும் சிறு கட்டைகளை வைத்துப் பின்னால் காற்றோடவிட வேண்டும். கணப்பு உள்ள பழைய பங்களாக்களில், அதன் மேற்சுவர் எவ்வளவு எடுப்பாகத் தெரிந்தாலும், வெப்பமும் புகையும் படுவதால் தவிர்க்கப்பட வேண்டியதே.

ஓவியருடன் செய்யும் உடன்பாட்டில் அளவு, செடியின் பெயர், முன்பணம், முதற்படத்தைப் பார்த்துத் திருத்தம் சொல்லும் கட்டம், ஒப்படைக்கும் மாதம், ஓவியத்தை அச்சிட்டு விற்கும் உரிமை யாருக்கு என்பன எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் பெரும்பாலும் இழப்பவர் ஓவியரே. துணியின் பின்புறத்தில் ஓவியரின் பெயரோடும் ஆண்டோடும், செடியின் தாவரவியல் பெயரையும், தோட்டத்து மக்கள் அதை அழைக்கும் பெயரையும், அது நின்ற மலையின் பெயரையும் எழுதுவித்தல் தகும்.