இயற்கையின் சுரப்பும் சந்தையின் சரக்கும்



ஆண்மை, பெண்மை என்பவற்றை நம் முன்னோர் குணங்களாகக் கருதினர். சென்ற நூற்றாண்டோ அவற்றை இரசாயனப் பொருள்களாகக் கருதத் தலைப்பட்டது. குணத்தை எவரும் புட்டியில் அடைத்து விற்க முடியாது. இரசாயனப் பொருளை விற்கலாம். இந்த மாற்றம் மனிதருக்கு என்ன நன்மை செய்தது, என்ன தீங்கு செய்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள். வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில், ஈஸ்திரோஜன் என்னும் ஒரேயொரு பொருளின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க விரும்புகின்றேன்.

உடலிலுள்ள சில சுரப்பிகள் தம் சாற்றைக் குழாய் வழியாக அன்றி நேரே இரத்தத்தில் கலக்கின்றன. அச்சாறு தொலைவிலுள்ள உறுப்புகளுக்குத் தூதுபோல் சென்று அவற்றைத் தூண்டுகின்றது. இத்தூதுப் பொருளுக்கு 1905 ஆம் ஆண்டில் ஏர்னெஸ்ற் ஸ்ராலிங் என்னும் ஆங்கில உடற்றொழிலியல் அறிஞர் 'ஓமோன்' என்று பெயரிட்டார். 1929 இல் அமெரிக்காவில் எட்வேட் டொய்சியும், ஜேர்மனியில் அடொல்ப் பூட்டெனாண்டும், கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து ஈஸ்திரோஜன் வகை ஓமோன் ஒன்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். 'இதுவே பெண்ணைப் பெண்ணாக்கும் பொருள்' என்று உலகம் மகிழ்ந்தது.

ஆனால் 1934 இல் ஒரு வியப்பு நேர்ந்தது. பேர்னாட் சொண்டெக் என்னும் ஆராய்ச்சியாளர் ஆண் குதிரையின் சிறுநீரை ஆராய்ந்தபோது, அதிலே 'பெண் ஓமோன்' மிகுதியாக இருக்கக் கண்டார். ஆண்மையின் சின்னமாகச் சிற்பிகள் செதுக்கிவைத்த குதிரையிடத்தா இது! பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் ஐயத்துக்கு இடமின்றி ஒன்றைக் காட்டின. ஆணின் உடலிலும் ஈஸ்திரோஜன் உண்டாகின்றது. அவனது எலும்பு உறுதியாக இருப்பதற்கும் அது வேண்டும். பெண்ணின் உடலிலும் தெஸ்தோஸ்தெரோன் சுரக்கின்றது. அளவிலேதான் வேறுபாடு. இயற்கை இரண்டையும் இருபாலாருக்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்க, மனிதர் ஒன்றுக்கு ஆண் என்றும் மற்றொன்றுக்குப் பெண் என்றும் பெயர் சூட்டினர். உண்மை வெளிப்பட்ட பின்னரும் பழைய பெயர்களே வழக்கில் நிலைத்தன.

பெயர் தவறாக இருந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். பெயரைப் பின்பற்றியே செயல் நடக்கின்றது என்பதற்கு 1952 ஆம் ஆண்டு சாட்சி பகர்கின்றது.

அவ்வாண்டில் இங்கிலாந்திலே, கணினி இயலுக்கு அடிகோலியவரும், இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் இரகசியக் குறியீடுகளை உடைப்பதில் பெரும் பங்கு கொண்டவருமான அலன் ரியூரிங் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். மற்றோர் ஆடவரிடம் அவர் கொண்ட உறவே குற்றம் எனப்பட்டது. சிறை செல்வதா, ஈஸ்திரோஜன் ஏற்றுக்கொள்வதா என்ற நிலையில் அவர் மருந்தை ஏற்றார். ஓராண்டுக் காலம் அது செலுத்தப்பட்டது. 1954 யூன் மாதத்தில், தமது 41 ஆம் வயதில், அவர் நஞ்சினால் இறந்தார். மரண விசாரணை அதனைத் தற்கொலை எனத் தீர்மானித்தது. 2009 இல் பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2013 இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. இறந்தவருக்கு அவற்றால் ஆவதென்ன?

அதே 1952 இன் இறுதியில், அமெரிக்க இராணுவத்தில் முன்னர் பணிபுரிந்த கிறிஸ்ரின் ஜோர்கென்சன் என்பவர் டென்மார்க் நாட்டிலே சிகிச்சை பெற்றுப் பெண்ணாக வாழத் தொடங்கிய செய்தி பத்திரிகைகளில் வெளியாயிற்று. அவருக்கு வழங்கப்பட்ட மருந்துகளுள்ளும் ஈஸ்திரோஜன் முதன்மையானது. ஆனால் அதனை அவர் தாமே நாடிச் சென்று பெற்றார். அதன் பின் 1989 வரை வாழ்ந்தார்.

ஒரே ஆண்டு, ஒரே வகை மருந்து. ஒருவருக்கு அது தண்டனை, மற்றவருக்கு அது விடுதலை. ஜோர்கென்சனின் மனத்தில் பெண் என்னும் உணர்வை அம்மருந்து புதிதாக விதைக்கவில்லை. அவ்வுணர்வு அவரிடம் முன்னரே இருந்தது. ஆகவே ஓமோன் உடலை மாற்ற வல்லது. எவரை விரும்ப வேண்டும், எவராக வாழ வேண்டும் என்பதை அது கட்டளையிடுவதில்லை. மருந்தை நன்மையாக்குவதும் கொடுமையாக்குவதும், யார் முடிவு செய்கின்றார் என்ற வினாவிலேயே தங்கியுள்ளது.

பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1950 களின் பிற்பகுதி தொடக்கம் பல ஆண்டுகளாக, அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும், நோய் எதுவுமற்ற சிறுமியர் பலருக்கு மிகுந்த அளவில் ஈஸ்திரோஜன் கொடுக்கப்பட்டது. அவர்கள் செய்த பிழை, உயரமாக வளர்ந்தமை! மிக உயர்ந்த பெண்ணுக்கு மணமகன் வாய்ப்பது அரிது என்று பெற்றோர் அஞ்சினர். வைத்தியர் வளர்ச்சியை நிறுத்த முற்பட்டனர். இச்சிகிச்சை பெற்றோருட் பலர் பிற்காலத்தில் கருத்தரிப்பதில் இடர்ப்பட்டனர் என்பதை அவுஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்று 2004 இல் வெளிப்படுத்தியது. மணவாழ்வுக்காகக் கொடுத்த மருந்து தாய்மைக்கே இடையூறாயிற்று. திருத்தப்பட வேண்டியது பெண்ணின் உயரமா, சமூகத்தின் அளவுகோலா என்று அன்று கேட்டவர் மிகச் சிலரே.

இனி, வணிகத்தின் பங்கைப் பார்ப்போம். கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து செய்யப்பட்ட 'பிரெமரின்' என்னும் ஈஸ்திரோஜன் மாத்திரை 1941 இல் கனடாவிலும் 1942 இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. மாதவிடாய் ஓயும் பருவத்தில் உண்டாகும் உடல் வெப்பத்தையும் வியர்வையையும் அது உண்மையிலேயே தணித்தது. ஆனால் 1966 இல் றொபேட் வில்சன் என்னும் அமெரிக்க வைத்தியர், 'என்றும் பெண்மை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். மாதவிடாய் ஓய்வு இயற்கையான பருவம் அன்று, அது ஒரு குறைபாட்டு நோய். ஈஸ்திரோஜனை உட்கொள்ளாத பெண் தன் பெண்மையையே இழக்கின்றாள் என்று அந்நூல் அச்சுறுத்தியது. நூல் பெருவாரியாக விற்பனையாயிற்று. அதற்கான செலவை அம்மருந்தைத் தயாரித்த கம்பனியே ஏற்றதென அவருடைய மகன் 2002 இல் தெரிவித்தார்.

இதன் கணக்கு எளிது. நோயாளி குணமடைந்தால் மருந்து விற்பனை நின்றுவிடும். வாழ்வின் பருவம் ஒன்றையே நோய் என அறிவித்துவிட்டால், அப்பருவத்தை அடையும் ஒவ்வொருத்தியும், முப்பது ஆண்டுகளுக்கு, வாடிக்கையாளர் ஆவாள். அஞ்சுபவளுக்கே இளமையை விற்கலாம்; ஆதலின் முதலில் அச்சம் விற்கப்பட்டது.

1975 இல், ஈஸ்திரோஜனைத் தனியே உட்கொண்டோரிடம் கருப்பைப் புற்றுநோய் பன்மடங்கு பெருகியதாக இரு ஆய்வுகள் காட்டின. பின்னர் வேறோர் ஓமோனும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அக்கலவையை 16,608 அமெரிக்கப் பெண்களிடம் சோதித்த பேராய்வு 2002 இல் இடையில் நிறுத்தப்பட்டது. 10,000 பெண்கள் ஓராண்டு அதனை உட்கொண்டால், மேலதிகமாக 8 பேருக்கு மார்புப் புற்றுநோயும், 7 பேருக்கு இருதய நோயும், 8 பேருக்குப் பக்கவாதமும் உண்டாகும் எனவும், இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறையும் எனவும் கணக்கிடப்பட்டது.

உடனே அச்சம் மறுபுறம் பாய்ந்தது. மருந்தால் உண்மையான பயன் பெற்றவர்களும் அதனைக் கைவிட்டனர். அவ்வாய்வில் இருந்தோரின் சராசரி வயது 63 என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அறுபது வயதுக்கு உட்பட்டு, கடும் தொல்லையால் வருந்துவோர் பெரும்பாலோருக்கு நன்மை தீமையிலும் மிகும் என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. எனவே மருந்து குற்றவாளி அன்று. துன்பம் தீர்க்கும் பொருளைப் பெண்மையின் காவற்றெய்வமாக விளம்பரம் செய்ததே குற்றம்.

ஆடவர் இதனைக் கேட்டு நகைக்க வேண்டா. 2000 ஆம் ஆண்டின் பின் அமெரிக்காவில் முதுமை எய்திய ஆண்களின் களைப்புக்கும் தளர்வுக்கும் தெஸ்தோஸ்தெரோன் களிம்பு பெருமளவில் விளம்பரப்படுத்தப்பட்டது. முதுமையால் மட்டும் குறையும் ஓமோனுக்காக இதனைக் கொடுப்பதன் பயனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்று 2015 இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவிக்க வேண்டியதாயிற்று.

அன்பர்களே, ஓமோன் இயற்கை தந்தது. மருத்துவம் மனித அறிவு தந்தது. சந்தையோ இலாபத்தை நாடுவது. மூன்றும் ஒரே புட்டியில் நம் வீட்டுக்கு வருகின்றன. அப்புட்டியைக் கையில் எடுக்கும்போது மூன்று வினாக்களைக் கேட்போமாக. இது என் துன்பத்தைத் தீர்க்கவா, அன்றிப் பிறர் வகுத்த அளவுக்குள் என்னை அடக்கவா? இதனால் வரும் நன்மை தீமைகளை எண்ணிக்கையோடு எனக்குச் சொன்னவர் உளரா? முடிவு செய்பவர் நானா, அன்றி என் பெயரால் மற்றொருவரா? இம்மூன்றுக்கும் நேரிய விடை கிடைத்தபின் உட்கொள்ளும் மருந்தே மருந்து.