நம் சரக்கு, நம் பெயர்

(கோவில்பட்டியில் சிறுதொழில் செய்வோரிடையே ஆற்றிய உரை)



வானம் பார்த்த இக் கரிசல் மண்ணில், மழை பொய்த்த ஆண்டுகளிலும் மானத்தோடு வாழக் கற்றவர்கள் நீங்கள். பருத்தியும் கம்பும் கைவிட்ட காலங்களில் தீப்பெட்டியும் கடலையினிப்புமே இவ்வூர் அடுப்புகளை எரிய வைத்தன. அவ்விரண்டும் இன்று கடல் கடந்து செல்கின்றன. அயல்நாட்டுச் சந்தையில் நமக்கு இடமுண்டா என்று கேட்கின்றீர்கள். உண்டு. அங்கு நாம் வணிகராய் நிற்பதா, பிறர் பெயருக்குப் பொருள் செய்து தரும் கூலிகளாய் நிற்பதா என்பதையே நாம் முடிவு செய்தல் வேண்டும்.

நமக்கு அண்மையிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சிதம்பரனார். 1906-இல் அவர் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். முதல் பத்து இலக்க உருபா, பங்குகள் 40,000, பங்கொன்றின் விலை 25 உருபா. காலியா, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓடின. ஆங்கிலக் குழுமம் என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, பின்னர்க் கட்டணமின்றியே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. வலியவன் தான் இழந்தேனும் விலையைக் குறைத்து எளியவனை வீழ்த்துவான் என்பது நாம் கண்ட முதற் பாடம்.

இரண்டாவது பாடம் தீப்பெட்டியில் உள்ளது. 1922-இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஆங்கில அரசு வரியை உயர்த்திற்று. சுவீடன் நாட்டுக் குழுமம் பின்வாங்கவில்லை. சரக்கை அனுப்புவதை விட்டு முதலை அனுப்பிற்று. இந்நாட்டிலேயே எந்திரச் சாலைகளை நிறுவிற்று. வரிமதிலுக்கு வெளியே நின்றவன் மதிலுக்குள் புகுந்துவிட்டான்! அதே காலத்தில் சிவகாசியினர் இருவர் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்தனர். அவர்கள் மூட்டிய கைத்தொழிலே இக் கரிசற் பகுதியெங்கும் பரவிற்று.

அண்மைக் காலத்தில் மலிவான நெகிழித் தீமூட்டிகள் வெளிநாட்டினின்று வந்து குவிந்தன. 14 ஆண்டுகள் ஓர் உருபாவாய் இருந்த தீப்பெட்டி விலை, 2021 திசம்பரில்தான் இரண்டு உருபாவாயிற்று. 20 உருபாவுக்குக் குறைந்த தீமூட்டிகளின் இறக்குமதியை 2023 சூனில் இந்திய அரசு தடை செய்தது. நன்று. ஆனால், மதிலை மட்டுமே நம்பியிருத்தல் கூடாது என்பதற்குச் சுவீடன் கதையே சான்று. நாமும் வெளியே செல்லல் வேண்டும்.

செல்வது எவ்வாறு? கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'மிட்டாய்' வந்தேறிச் சொல்லே. பதிவிலுள்ள பெயர் அதுவாகலின் அவ்வாறே கூறுகின்றேன். அச்சட்டத்தின் காவல் இந்திய எல்லையோடு முடிகின்றது. பிற நாடுகளில் அப்பெயரைக் காக்க அந்தந்த நாட்டுச் சட்டப்படி தனியே முயலல் வேண்டும். நாம் வாளாவிருந்தால் வேறொருவன் அதனைத் தனதாக்கிக்கொள்ள முயல்வான்.

அடுத்தது தூய்மை. ஈரம் பட்ட கடலையில் பூஞ்சை நஞ்சு தோன்றும். நேரே உண்ணும் கடலையில் அந்நஞ்சு நூறு கோடியில் நான்கு பங்குக்கு மேற்படலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. நிலக்கடலை சிலருக்கு ஒவ்வாது. ஆகவே, அது கலந்திருப்பதை உறைமேல் தெளிவாகக் குறிக்கவும் வேண்டும். தீப்பெட்டியோ கப்பலில் ஊறுதரும் சரக்கு வகையைச் சேர்ந்தது. அதற்கெனச் சிப்பமிடும் முறைகள் உள்ளன. இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவைச் சிறு தொழிலர் ஒருவர் தனியே தாங்குதல் அரிது. தாங்க இயலாதவர் சரக்கை இடைத்தரகரிடம் ஒப்படைக்கின்றார். தரகர் தம் பெயரை ஒட்டி விற்கின்றார். உழைப்பு நமது, ஊதியமும் புகழும் பிறருடையன!

ஆகவே, சிதம்பரனார் காட்டிய வழியில் சிறுசிறு பங்குகளாய் முதல் திரட்டுங்கள். பொது ஆய்வுக்கூடம் ஒன்று, துறைமுகத்தருகே பொதுக் கிடங்கு ஒன்று, பொதுப் பெயர் ஒன்று என அமையுங்கள். சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழ் ஆட்சிமொழி; மலேசியாவிலும் தமிழ் படிப்போர் பலர். அங்குச் செல்லும் பெட்டியின் மேல் அந்நாட்டு மொழியோடு தமிழெழுத்தும் ஒளிரட்டும். நம் சரக்கு நம் பெயரோடு கப்பலேறட்டும்!