பள்ளி எல்லை நகர்ந்தால் நம் அடுப்பும் நகர்கிறது

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தீவுகளில் தமிழ்க் குடும்பம் எங்கே குடியிருக்கிறது என்று யாராவது கேட்டால், வேலை இருக்கும் இடத்தில் என்று நாம் பதில் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். தகப்பன் எங்கே இருப்பது என்பதை வேலை தீர்மானிக்கிறது. தாயும் பிள்ளைகளும் எங்கே இருப்பது என்பதைப் பள்ளிக்கூடம் தீர்மானிக்கிறது. ரங்கத்திலும் மாயாபந்தரிலும் தினக்கூலி மஸ்தூராக உழைத்துக்கொண்டு, பிள்ளைகளின் படிப்புக்காகப் போர்ட் பிளேரில், அதாவது 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் தலைநகரில், ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து மனைவி மக்களை வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கண்ணீரோடு கப்பலேறியவர்களும் உண்டு. அடுப்பு இரண்டு, கூலி ஒன்று. இந்தக் கணக்கு எப்படித் தேறும்?

இடம் மாறுவது நமக்குப் புதிதல்ல. 1964 சிறீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்தவர்களில் சில குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கியபோது கச்சாலிலும் சின்ன அந்தமானிலும் கரையோர மக்கள் தற்காலிகக் கொட்டகைகளுக்கும், பின்னர் நிரந்தரக் குடியிருப்புகளுக்கும் போனார்கள். 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, 1978-க்குப் பிறகு காட்டு நிலத்தில் குடியேறியவர்களை வெளியேறச் சொன்னது. கடல் தள்ளியது, சட்டம் தள்ளியது. இப்போது பள்ளிக்கூடத்தின் எல்லைக்கோடும் நம்மைத் தள்ளுவதைப் பற்றித்தான் இங்கே பேச வந்தோம்.

அது எப்படித் தள்ளுகிறது? 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள் 3,80,581 பேர். இவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆனால் நாம் ஒரே இடத்தில் இல்லை. இந்த பஸ்தியில் நாலு வீடு, அந்த ஜெட்டி ஓரத்தில் ஆறு வீடு என்று சிதறிக் கிடக்கிறோம். ஒரு வகுப்பில் பன்னிரண்டு தமிழ்ப் பிள்ளைகள் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடுகளை வேறு பள்ளியோடு சேர்த்துவிட்டால் இங்கே ஆறு, அங்கே ஆறு. ஒரு பிள்ளையும் குறையவில்லை. ஆனாலும் இரண்டு பள்ளியிலும் தமிழ் வகுப்புக்கு "எண்ணிக்கை போதாது" என்ற பேச்சு எழும். முதலில் ஒரு குடும்பம் நகரத்துக்கு மூட்டை கட்டும். அதனால் எண்ணிக்கை இன்னும் குறையும். மறு ஆண்டு இன்னொரு குடும்பம் கிளம்பும். கடைசியில், "படிக்கத் தமிழ்ப் பிள்ளைகளே இல்லையே" என்று நம்மிடமே சொல்வார்கள்!

இந்த எண்ணிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு விதி வகுத்தது. ஒரு மொழி பேசும் பிள்ளைகள் பள்ளி முழுவதிலும் நாற்பது பேரோ, ஒரு வகுப்பில் பத்துப் பேரோ இருந்தால், தொடக்கக் கல்வியை அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும் என்றது. 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வசதி செய்வதை அரசின் பொறுப்பாக்கியது. எண்ணிக்கை சிதறும் என்று தெரிந்துதான், பெற்றோரின் மொழி விருப்பத்தை முன்கூட்டியே பதிவேட்டில் எழுதுவதும், பள்ளிகளுக்கிடையே பிள்ளைகளைச் சரிசெய்து வகுப்பைக் காப்பதும் மொழிச் சிறுபான்மையோர் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஆறையும் ஆறையும் கூட்டிப் பன்னிரண்டாக்க வழி இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை!

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கட்டாயக் கல்விச் சட்டத்தின் விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. இந்தத் தூரம் அரசின் கடமைக்கு வைத்த அளவு. பிள்ளையைச் சுற்றிப் போட்ட வேலியன்று. இடம் மாறும் குடும்பத்துக்கும் அந்தச் சட்டம் துணை நிற்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானது என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ, பள்ளி ஆண்டு தொடங்கிவிட்டது என்றோ சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

குறை நம்மிடமும் உண்டு. அதை மறைக்க வேண்டாம். இங்கிலீஷ் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்த மொழிவழியில் படிப்பது என்பது பெற்றோரின் உரிமை. ஆனால் தமிழ் வகுப்பு வேண்டும் என்று மேடையில் முழங்குகிற நாமே, பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறோம். வசதி உள்ளவன் எல்லை மாறினால் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவான், அல்லது வீட்டை மாற்றுவான். மஸ்தூருக்கு இரண்டும் முடியாது. அவன் பிள்ளைக்கு இருக்கிற ஒரே வாகனம் நம் ஒற்றுமைதான்.

ஆகவே மூன்று வேலைகளை ஏற்றுக்கொள்வோம். ஒவ்வொரு பஸ்தியிலும் பள்ளி வயதுத் தமிழ்ப் பிள்ளைகளின் பட்டியலை நாமே எடுப்போம். பள்ளி ஆண்டு பிறக்கும் முன்பே மொழி விருப்பத்தை எழுத்தில் கொடுத்து, அதற்கு ரசீது வாங்குவோம். எல்லையை மாற்றவோ பள்ளிகளை இணைக்கவோ பேச்சு எழுந்தால், எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதை முதலில் கணக்குக் காட்டும்படி கேட்போம்.

வீட்டைக் காலி செய்ய நினைக்கும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளம்பாதீர்கள் என்று உங்களைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. பிள்ளையின் ஓராண்டு வீணானால் அதை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் மூட்டை கட்டுமுன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அங்கேயும் ஒரு மூட்டை பாதி கட்டியபடி இருக்கலாம். இரண்டையும் அவிழ்த்து வைத்துவிட்டுப் பத்துப் பெயரை எழுதுங்கள். அந்தத் தாளோடு நாமெல்லோரும் சேர்ந்து கல்வி அலுவலகத்துக்குப் போவோம்.