தச்சுப் பாஸ் அண்ணனுக்குப் பிரியாவிடை



நம் லயத்தில் பிறந்து, கொழும்பில் ஒரே கட்டடக் கம்பெனியில் 31 வருடம் தச்சு வேலை செய்த அண்ணன் ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருக்கிறார். மாடிக்கு மாடி கொங்கிரீட்டுக்குப் பலகை அடித்த கை அது. தீபாவளி லீவில் வந்தாலும் யார் வீட்டுக் கதவையாவது சரிசெய்துவிட்டுத்தான் போவார்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறோம். முதல் 6 வருடம் அவர் பெயரில் சேமலாப நிதி கட்டப்படவில்லை. “நாள் சம்பளக்காரனுக்கு அது கிடையாது” என்றார்கள்; அவரும் நம்பிவிட்டார். அது பொய். நாள் சம்பளமானாலும் கம்பெனி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்குக் கம்பெனி மட்டும் 3 வீதம். 15 பேருக்குக் குறையாத வேலைத்தளத்தில் 5 வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

கொழும்புக்குப் போகும் பிள்ளைகளே, முதல் மாதமே அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். சம்பளத் துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

அண்ணே, அந்த 6 வருடப் பாக்கிக்காகத் தொழில் திணைக்களத்துக்கு நாங்கள் உங்களோடு வருகிறோம். நம் சங்கக் காரியாலயத்தின் கதவு நீங்கள் செய்து தந்தது. எந்த நேரமும் திறந்து வாருங்கள்.