மகிழ்ச்சியும் மனக்கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இருப்புப் பாதையே இல்லாத இத்தீவுகளில் இரயில்வே எழுத்தர் ஒருவர்க்குப் பேசும் வாய்ப்பளித்த சங்கத்தாரின் பெருந்தன்மைக்கு முதற்கண் நன்றி கூறுகின்றோம். யாம் கற்றது மெட்ரிகுலேஷன் வரையில்தான். உளநூலில் புலமை உடையோம் அல்லோம். ஆயினும், டிக்கெட் ஜன்னலின் பின்னே ஆண்டுக் கணக்கில் அமர்ந்திருப்போர்க்கு ஒன்று நன்கு விளங்கும். ஜன்னலின் முன் நிற்போரில் பெரும்பாலோர், தம் இன்பம் தாம் போய்ச் சேரும் ஊரில் காத்திருப்பதாகவே நம்புகின்றனர். அந்நம்பிக்கை எவ்வளவு சரியானது? அது குறித்து அறிஞர் கண்ட சில செய்திகளை இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது நம் முன்னோர் வாக்கு. அதனை அமெரிக்க நாட்டில் அளந்தே பார்த்திருக்கின்றனர். டேனியல் கானெமன், டேவிட் ஷ்கேட் என்னும் இருவர் 1998ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். இவருள் கானெமன், பொருளியலுக்கான நோபெல் பரிசினை 2002ஆம் ஆண்டில் பெற்ற உளநூல் அறிஞர். கலிபோர்னியா இதமான வெயிலும் கடற்கரையும் உடைய மாநிலம். நடு மேற்கு மாநிலங்களோ கடுங்குளிரும் பனியும் உடையவை. இவ்விரு பகுதிகளிலும் பயின்ற மாணவர் ஏறத்தாழ 2,000 பேரில் சிலரிடம், தம் வாழ்வு தமக்கு எவ்வளவு நிறைவளிக்கின்றது என்று வினவினர். வேறு சிலரிடம், தம்மைப் போன்ற ஒருவர் இன்ன பகுதியில் வாழ்ந்தால் அவர் நிறைவு எத்தகையதாய் இருக்கும் என்று வினவினர். கலிபோர்னியாவில் வாழ்பவரே மிக்க நிறைவுடன் இருப்பர் என்று இரு பகுதியாரும் கணித்தனர். ஆனால் தத்தம் வாழ்வைப் பற்றி அவர்கள் கூறிய விடைகளோ ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன!

இதன் காரணம் யாது? வேறோர் ஊரை எண்ணும்பொழுது மனம் ஒரே ஒரு வேறுபாட்டை, அதாவது வெயிலையும் பனியையும், பற்றிக்கொள்கின்றது. அங்கே வாழ்பவரின் நாளோ படிப்பாலும், பணக் கவலையாலும், நண்பராலும் நிறைந்திருக்கின்றது. வெயிலை அவர் நாள்தோறும் எண்ணுவதில்லை.

இவ்வுண்மையை நம் தீவுகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். ராதாநகர் கடற்கரையைக் காணும் சுற்றுலாப் பயணியர், "நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்கின்றனர். தாயகத்து உறவினரோ, செல்லுலர் சிறையையும் கறுப்புத் தண்ணீர் என்ற பழம்பெயரையும் எண்ணி, "ஐயோ பாவம், அவ்வளவு தொலைவில் இருக்கின்றீர்களே" என்கின்றனர். முன்னவர்க்குக் கடல் மட்டுமே தெரிகின்றது. பின்னவர்க்குச் சிறை மட்டுமே தெரிகின்றது. மழைக் காலத்தில் உலராத துணியும், கப்பல் வரவைப் பொறுத்து ஏறி இறங்கும் காய்கறி விலையும், பிள்ளையின் தேர்வும், நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் கதவைத் திறக்கும் அண்டை வீட்டு வங்காளத்து அம்மையாரும் இருவர் கண்ணிலும் படுவதில்லை. நம் நாட்கள் இவற்றாலேயே ஆனவை.

நாமும் தாயகத்தை எண்ணும்பொழுது இவ்வாறே செய்கின்றோம். ஊரை நினைத்தால் தேர்த் திருவிழா நினைவுக்கு வருகின்றது. சித்திரை வெயிலும் பாகப் பிரிவினை வழக்கும் வருவதில்லை.

நினைவும் நம்மைச் சற்றே ஏமாற்றுகின்றது. டெரன்ஸ் மிட்செல் என்பாரும் உடனாய்வாளரும் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், மூன்று வாரச் சைக்கிள் பயணம் மேற்கொண்டோரிடம் பயணத்துக்கு முன்னும், பயணத்தின் இடையிலும், பின்னும் வினாக்கள் விடுத்தனர். முன்னர் இருந்த எதிர்பார்ப்பும் இனிது. பின்னர் எஞ்சிய நினைவும் இனிது. இடைப்பட்ட நாட்களில் அவர்கள் குறித்த உணர்வுகளோ அவ்வளவு இனியவை அல்ல. நாம் விடுமுறையில் ஊர் சென்று மீள்வதும் இத்தகையதன்றோ? ஏறக்குறைய மூன்று நாள் கப்பலில் தலை சுற்றிக் கிடந்ததையும், உறவினர் மனத்தாங்கலையும் மறந்துவிட்டு, அம்மா வைத்த குழம்பை மட்டும் ஆண்டு முழுவதும் பேசுகின்றோம். அது குற்றமன்று, இனிய பழக்கமே. ஆனால் அந்நினைவினை அளவுகோலாகக் கொண்டு இன்றைய நாளை அளந்தால், இன்றைய நாள் தோற்றே தீரும்.

எம் தொழிலோடு தொடர்புடைய ஆய்வும் ஒன்றுண்டு. நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்போர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. சிகாகோ நகருக்கு இரயிலில் செல்வோரில் சிலரை அருகிலிருக்கும் புதியவருடன் உரையாடுமாறும், சிலரைத் தனித்திருக்குமாறும், சிலரை வழக்கம்போல் செல்லுமாறும் வேண்டினர். தனித்திருப்பதே இனிது என்பது மக்களின் முன்கணிப்பு. நிகழ்ந்ததோ மறுதலை, உரையாடியோரே பயணம் இனிதாய் இருந்ததாகக் கூறினர்.

நம் குடியிருப்பில் இதற்கு ஒப்பானது ஒன்று நிகழ்கின்றது. "இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிவிடும், எதற்கு வீண் பழக்கம்?" என்று கதவைச் சாத்திக்கொள்ளும் குடும்பங்கள் உள்ளன. அட்டைப் பெட்டிகள் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. பிள்ளைக்குத் தமிழ் கற்பித்தல், பாட்டு வகுப்பு, தோட்டம் எல்லாம் ஊருக்குப் போன பிறகு என்று ஒத்தி வைக்கப்படுகின்றன. ஆண்டுகள் இரண்டு பன்னிரண்டாகின்றன. அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகின்றது.

எல்லாத் துன்பமும் மனம் போடும் தப்புக் கணக்கே என்று யாம் கூறவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கார் நிக்கோபார், கச்சால், பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளில் செய்த அழிவை அறிந்த எவரும் அவ்வாறு கூறத் துணியார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து கச்சாலில் ரப்பர்த் தோட்டப் பணியில் குடியேறிய நம்மவரும் அவ்வலையைக் கண்டவரே. உற்றாரை இழந்த துயரும், வேலையின்மையும் நெடுநாள் நீடிப்பவை என்பதையும் அறிஞர் கண்டுள்ளனர். கப்பல் டிக்கெட்டுத் தட்டுப்பாடும் மருத்துவக் குறைகளும் உண்மையான குறைகளே. அவற்றை முறையிட்டே தீர்க்க வேண்டும்.

இறுதியாக, நடைமுறைக்கு உகந்த வழியொன்று. டேனியல் கில்பர்ட்டும் உடனாய்வாளரும் 2009ஆம் ஆண்டில் காட்டியது இது: வரப்போகும் அனுபவம் இனிக்குமா என்று நாமே கற்பனை செய்வதைக் காட்டிலும், அதனை முன்னரே பெற்ற ஒருவரைக் கேட்டறிவது சரியான விடைக்கு நெருக்கமாக அமைகின்றது. ஆகவே, பணி ஓய்வு பெற்றுத் தாயகம் சென்ற நண்பர்க்குத் தொலைபேசியில் பேசுங்கள். "ஊர் எப்படி இருக்கின்றது?" என்று கேட்டால் ஊர்ப் பெருமை வரும். "நேற்றைய பொழுது எவ்வாறு கழிந்தது?" என்று கேளுங்கள்; உண்மை வரும். கேட்டறிந்த பின்பு, போவதாயினும் இருப்பதாயினும் தெளிவோடு முடிவு செய்யலாம்.

அதுவரை, பெட்டிகளைப் பிரியுங்கள். பிள்ளைக்கு இவ்வாண்டே தமிழ் தொடங்குங்கள். குவார்ட்டர்ஸின் பின்புறம் ஒரு முருங்கைக் கிளையை ஊன்றுங்கள். மாற்றல் வரினும் கவலையில்லை. அடுத்து வரும் குடும்பத்தார் பறித்துக் குழம்பு வைப்பர்.