இதயத்திற்கு ஓய்வு தரும் இயந்திரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

இசையும் நாடகமும் நிறைந்த விழாவிலே நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஊரையும் உற்றாரையும் விட்டு வந்து கல்கத்தாவிலே வாழும் நமக்கு ஆபத்துக் காலத்தில் உறவினராக நிற்பது இச்சங்கமே. ஆகவே, ஆபத்துக் காலத்திற்குரிய ஒரு பொருளைச் சங்கத்தின் மேடையிலே பேசுவது பொருத்தம் என்றே கருதுகிறேன்.

'எக்மோ' என்னும் சொல்லை இன்று அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் தமிழக முதல்வர் ஜெயலலிதா அவர்களின் இதயம் நின்றபோது, சென்னை மருத்துவமனையிலே இக்கருவி அவருக்குப் பொருத்தப்பட்டது. மறுநாள் அவர் காலமானார். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோயுற்ற பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அவர்கள் பல வாரங்கள் இக்கருவியின் துணையோடு இருந்து, செப்டம்பர் 25-ஆம் நாள் மறைந்தார். இவற்றால் மக்களிடையே இரண்டு எண்ணங்கள் வேரூன்றின. எக்மோ என்றாலே முடிவு நெருங்கிவிட்டது என்பது ஒன்று. பணம் மட்டும் இருந்தால் எவரையும் பிழைக்க வைக்கும் மாயக்கருவி அது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைக்குத் தொலைவில் உள்ளவை.

நம் இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. நிமிடத்திற்கு 5 லிட்டர் குருதியை உடலெங்கும் செலுத்துகிறது. அது சில நிமிடங்கள் நின்றாலும் மூளை கெடத் தொடங்கும். ஓடிக்கொண்டே இருக்கும் உறுப்பைத் திறந்து செப்பனிடுவது எங்ஙனம்? இவ்வினாவே அறுவை மருத்துவரை நெடுங்காலம் தடுத்து நிறுத்திய மதில்.

அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன் 1930-களின் தொடக்கத்தில், நுரையீரல் குருதிக்குழாய் அடைபட்ட ஒரு பெண்மணியின் அருகிலே இரவு முழுதும் விழித்திருந்தார். கருநிறமாகிவிட்ட குருதியை வெளியே எடுத்துப் பிராணவாயு ஊட்டித் திரும்பச் செலுத்தினால் என்ன என்ற எண்ணம் அன்று அவருக்கு உதித்தது. அவ்வெண்ணம் நிறைவேற இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1953-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் பிலடெல்பியாவில், 18 வயதுப் பெண்ணின் இதயத்துச் சுவரில் இருந்த துளையை அவர் தைத்து மூடினார். இருபத்தாறு நிமிடங்கள் அவளுடைய இதயத்தின் பணியையும் நுரையீரலின் பணியையும் இயந்திரமே செய்தது.

அடுத்த ஆண்டிலே மின்னசோட்டாவில் லில்லெஹை என்பவர் வேறொரு வழி கண்டார். குழந்தையின் குருதிக் குழாய்களைத் தந்தை அல்லது தாயின் குருதிக் குழாய்களோடு இணைத்தார். அறுவை நடக்கும் வரை பெற்றவரின் இதயமும் நுரையீரலுமே குழந்தைக்காக உழைத்தன. இவ்வாறு 45 பேருக்குச் செய்ததில் 28 பேர் பிழைத்தனர். பெற்றோரே இயந்திரமாக நின்ற வரலாறு மருத்துவ நூல்களில் இஃதொன்றே எனலாம். பெற்றவரின் உயிருக்கும் ஆபத்து நேரக்கூடும் என்பதாலும், நல்ல இயந்திரங்கள் விரைவில் வந்துவிட்டதாலும் அம்முறை கைவிடப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டில் ரீவ் பெட்ஸ் என்பவர் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் மார்பு அறுவைத் துறையைத் தோற்றுவித்தார். 1960-களின் தொடக்கத்தில் அங்கே இதயத்தைத் திறந்து செய்யும் அறுவை நடந்தது. 1975-ஆம் ஆண்டில் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இதயக் குருதிக்குழாய் மாற்றுப்பாதை அறுவையைச் செய்தார். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய செயற்கை வால்வு 1990-இல் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வேலூரின் பெயர் வங்காள மக்களிடையே எத்துணைப் பெரிது என்பதை நீங்கள் அறிவீர்கள். 'வேலூருக்குப் போக வேண்டும், வழி சொல்லுங்கள்' என்று நம் வீட்டுக் கதவைத் தட்டாத அண்டை வீட்டார் உண்டோ?

நாம் வாழும் இந்நகரமும் பின்தங்கியதன்று. 1835-ஆம் ஆண்டில் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில், மறு ஆண்டிலேயே பண்டிதர் மதுசூதன குப்தர் சமூகத்தின் எதிர்ப்புக்கு அஞ்சாமல் மனித உடலை அறுத்து ஆராய்ந்தார். 1989-இல் இங்கே பி. எம். பிர்லா இதய ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அங்கே பணியாற்றிய டாக்டர் தேவி ஷெட்டி, 1992-இல், ஒரு பச்சிளங் குழந்தைக்கு இதய அறுவை செய்தார். 2018-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், பெங்களூரிலிருந்து விமானத்தில் வந்த இதயம் ஆனந்தபூரில் உள்ள மருத்துவமனையில் ஜார்க்கண்டைச் சேர்ந்த ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. கிழக்கு இந்தியாவில் முதல் இதய மாற்று அறுவை அது. அவ்வாண்டு நவம்பரில், மதுசூதன குப்தர் கத்தி எடுத்த அதே மருத்துவக் கல்லூரியும் அச்செயலைச் செய்து முடித்தது.

அறுவை மேசையின் இயந்திரம் சில மணி நேரத்திற்கே உரியது. பழைய இயந்திரங்களில் குருதியும் வாயுவும் நேரடியாகக் கலந்தன. அதனால் குருதி அணுக்கள் சிதைந்தன. பின்னர், குருதிக்கும் வாயுவுக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்று வைக்கப்பட்டது. பிராணவாயு அதனூடே புகும். கரியமில வாயு வெளியேறும். இதனால் இயந்திரத்தை நாட்கணக்கில் ஓட்டுதல் இயன்றது. 1971-இல் டொனால்டு ஹில் என்பவர் விபத்தில் சிக்கிய ஓர் இளைஞரை மூன்று நாட்கள் இம்முறையில் காத்தார். 1975-இல் ராபர்ட் பார்ட்லெட் கலிபோர்னியாவில் ஒரு பச்சிளங் குழந்தையைக் காப்பாற்றினார். தாயால் கைவிடப்பட்ட அக்குழந்தைக்குச் செவிலியர் இட்ட ஸ்பானியப் பெயருக்கு 'நம்பிக்கை' என்று பொருள்.

எக்மோவில் இரு வகை உண்டு. நுரையீரல் மட்டும் கெட்டிருந்தால், சிரையிலிருந்து குருதியை எடுத்துத் தூய்மை செய்து மீண்டும் சிரையிலேயே விடுவர். இதயமும் ஓய்ந்திருந்தால் தமனியில் செலுத்துவர். இரண்டாம் வகையிலே ஓர் இடர் உண்டு. இயந்திரம் தமனியில் குருதியைத் தள்ளும்போது, களைத்த இதயம் அந்த அழுத்தத்தை எதிர்த்தே தன் குருதியை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. உதவ வந்தவரே சுமையாகும் நிலை அது. மேலும், குழாய்களில் குருதி உறையாதிருக்க மருந்து கொடுப்பதால் வேறிடங்களில் குருதி கசியலாம். தொடையில் குழாய் செருகிய காலுக்குக் குருதி குறையலாம். தொற்றும் ஏற்படலாம்.

அண்மைக்கால ஆராய்ச்சிகள் சொல்வதென்ன? 2009-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், நுரையீரல் செயலிழந்த 180 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். எக்மோவுக்கென அனுப்பப்பட்டவர்களில் 100-க்கு 63 பேர் ஆறு மாதத்திற்குப் பின் ஊனமின்றி உயிரோடிருந்தனர். மற்றப் பிரிவில் 47 பேர். ஆயினும், அனுப்பப்பட்ட 90 பேரில் கருவி உண்மையில் பொருத்தப்பட்டது 68 பேருக்கே. தேர்ந்த நிலையத்தின் கவனிப்பும் உயிர் காத்தது என்று கொள்ள வேண்டும். 2018-இல் வெளியான 249 பேர் கொண்ட ஆய்வில் 60 நாட்களுக்குள் இறந்தோர், எக்மோப் பிரிவில் 100-க்கு 35, மற்றதில் 46. நன்மை இருப்பதுபோல் தோன்றினும், கணக்கியல் அதனை உறுதி செய்யவில்லை.

இதயத்தைப் பொறுத்தவரை செய்தி இன்னும் கடுமையானது. மாரடைப்பால் இதயம் தளர்ந்து குருதி அழுத்தம் வீழ்ந்தவர்களில் 417 பேரை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர்கள் 2023-இல் முடிவை வெளியிட்டனர். 30 நாட்களுக்குள் இறந்தோர், எக்மோ பெற்றவரில் 100-க்கு 47.8, வழக்கமான சிகிச்சை பெற்றவரில் 49. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். குருதிக் கசிவோ முன்னவரில் 23.4, பின்னவரில் 9.6. ஆகவே, மாரடைப்பு வந்து தளர்ந்த எல்லோருக்கும் இதைப் பொருத்துவது பயன் தராது. எவருக்கு, எப்போது என்று தேர்ந்தெடுப்பதே மருத்துவக்கலை.

எக்மோ எந்த நோயையும் தீர்ப்பதில்லை. அது காலத்தைக் கொடுக்கிறது. மருத்துவர்களே அதனைப் 'பாலம்' என்று அழைக்கின்றனர். அக்கரை உண்டென்றால்தான் பாலத்திற்குப் பொருள் உண்டு. இதயம் தானே தேறும் என்ற நிலை ஓர் அக்கரை. மாற்று இதயம் கிடைக்கும் என்ற நிலை மற்றோர் அக்கரை. ஹௌராப் பாலத்தின் மேல் ஏறியவர் அங்கேயே வீடு கட்டிக்கொள்ள முடியுமா?

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர். இரண்டாயிரம் ஆண்டு வளர்ச்சிக்குப் பின்னும் இந்நான்கே. எக்மோ மூன்றாம் கூறு. இரவு பகலாகக் குழாயையும் மானியையும் கவனிக்கும் செவிலியரும் இயந்திர வல்லுநரும் நான்காம் கூறு. நாமும் அக்கூற்றில் அடங்குவோம். நம் கடமைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, மார்பு இறுகி வலித்து வியர்த்தால், வாயுத் தொல்லை என்று எண்ணி விடியும் வரை காத்திராதீர்கள். இழந்த மணி நேரத்தை எந்த இயந்திரமும் மீட்டுத் தராது.

இரண்டாவது, எதிரில் ஒருவர் உணர்விழந்து மூச்சின்றி வீழ்ந்தால், உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். மருத்துவர் வரும் வரை உங்கள் கைகளே அவருடைய இதயம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2020-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், இதயம் நின்று எக்மோ பெற்ற 14 பேரில் 6 பேர் பிழைத்து வெளியேறினர். மற்றப் பிரிவின் 15 பேரில் ஒருவரே பிழைத்தார். நெதர்லாந்தில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்விலோ அத்தகைய வேறுபாடு தோன்றவில்லை. எவ்வாறாயினும், மருத்துவமனை சேரும் வரை மார்பை அழுத்தும் கைகள் ஓயாதிருந்தாலொழிய இக்கருவிக்கு அங்கே வேலையே இல்லை.

மூன்றாவது, நம் குடும்பத்தில் ஒருவருக்கு எக்மோ வேண்டும் என்று மருத்துவர் கூறினால், கையெழுத்திடும் முன் அமைதியாகச் சில வினாக்களைக் கேளுங்கள். எக்காரணத்தால் இந்நிலை வந்தது? அக்காரணம் நீங்கக்கூடியதா? அக்கரை எது? எத்தனை நாளில் மீண்டும் ஆராய்ந்து முடிவு செய்வீர்கள்? நாளொன்றுக்கு ஆகும் செலவென்ன? இவை அன்பில்லாதவரின் வினாக்கள் அல்ல. தாலியை விற்றும் வீட்டை அடகு வைத்தும் கொடுக்கத் துணிந்தவர்க்கு, எதற்காகக் கொடுக்கிறோம் என்று அறியும் உரிமை உண்டு. அக்கரை இல்லை என்று தெளிந்தபின் கருவியை நிறுத்தச் சம்மதிப்பவர் கொலை செய்தவராகார். அத்தகைய குடும்பத்தை நம் சங்கத்தில் எவரும் பழித்துப் பேசலாகாது.

நான்காவது, உடலுறுப்புத் தானத்தைப் பற்றி வீட்டில் இன்றே பேசிவையுங்கள். பெங்களூரில் தம் பிள்ளையை இழந்த ஒரு குடும்பத்தார் சம்மதித்ததால்தான் 2018-இல் இந்நகரில் ஒரு மனிதர் எழுந்து நடந்தார்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இக்காலனியில் பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்து வாழும் முதியோர் பலர் உளர். அவர்களுக்கு நான்காம் கூறாக இருக்கப் போகிறவர் அடுத்த கதவைத் திறந்து ஓடிவரும் நீங்களே. ஆகவே, ஆண்டிற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே மண்டபத்தில் மார்பழுத்தும் பயிற்சி நடத்தச் சங்கம் முன்வருமாறு வேண்டுகிறேன். நம் வங்காள அண்டையாரையும் அழைப்போம். வேலூருக்கு வழி சொல்லிய நாம், வேலூர் போய்ச் சேரும் வரை உயிரைக் காக்கும் வழியையும் அவர்களோடு சேர்ந்து கற்போம்.